அம்மாவின் போனுக்கு லொக் வேண்டாம்

அம்மாவின் போனில் லொக் கிடையாது. பின் நம்பரும் இல்லை, பற்றர்னும் இல்லை, விரல் வைக்கிற வேலையும் இல்லை, திரையை மேலே ஒரு தள்ளு தள்ளினால் திறந்துவிடும். எடுத்துவிட்டது நான்தான், அதுவும் நன்றாக யோசித்துத்தான். இதைக் கேள்விப்பட்ட என் மச்சான் (ஐடி கம்பனியில் வேலை, கேட்கவா வேண்டும்) "வாசல் கதவைக் கழட்டி வச்சிட்டு நித்திரை கொள்ளுற மாதிரி" என்று காண்கிறவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தார். கதவைக் கழற்றியது உண்மை. ஆனால் அதற்கு முதல் உள்ளே இருந்த அலுமாரிகளுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டுப் போட்டேன், அதை அவர் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மட்டுமே இதே தலையிடியோடு எத்தனையோ அம்மாமாரும் அம்மம்மாமாரும் தனியே இருக்கிறார்கள், பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும். அதனால் செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

போன் லொக்கைப் பற்றிக் கதைக்கும்போது எல்லோரும் திருடனைப் பற்றியே கதைக்கிறார்கள். என் போனைப் பொறுத்தவரை அது சரி. தினமும் காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போய் வருகிற எனக்கு லொக் இல்லாத போன் என்பது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். அம்மாவின் போன் அப்படியா? நாளில் முக்கால்வாசி நேரம் சாப்பாட்டு மேசையில், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் கைப்பைக்குள், கிளினிக்குக்குப் போனால் என் கைக்குள். அந்த மேசையில் கிடந்த போனை லொக் யாரிடமிருந்து காப்பாற்றியது என்று பார்த்தால் அம்மாவிடமிருந்துதான்.

விரல்ரேகை முதலில் கைவிட்டது. வயது போகப் போக தோல் காய்ந்து ரேகை தேய்ந்துவிடும், போனுக்குப் பிடிபடாது. முகத்தைக் காட்டித் திறக்கலாம் என்றால் கண்ணாடி போட்டால் ஒரு முகம், போடாவிட்டால் இன்னொரு முகம், பின்னேர வெளிச்சத்தில் இரண்டும் இல்லை. விலை குறைந்த அன்ட்ரொய்ட் போன்களில் அது வெறும் முன் கமராதான், பெரிய பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. கடைசியில் மிஞ்சியது பின் நம்பர். ஐந்து முறை பிழையாக அடித்தால் அன்ட்ரொய்ட் முப்பது செக்கன் காத்திருக்கச் சொல்லும், அந்த முப்பது செக்கனுக்குள் அம்மாவுக்குப் பதற்றம் கூடி, சரியான நம்பரும் மறந்துபோய், அடுத்ததும் பிழைக்கும். "என்ர போனுக்கு நான் ஆர் எண்டு தெரியாதே?" என்று ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வருகிற அழைப்பை எடுக்க லொக் தடையே இல்லை, வட்ஸ்அப் அழைப்பும் அப்படித்தான். அதனால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. தங்கச்சி எடுத்தால் அம்மா கதைக்கிறார், பேரப்பிள்ளையைப் பார்க்கிறார், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரித்தான் தெரியும். அம்மா தானாக யாருக்காவது எடுக்க வேண்டும் என்றால்தான் லொக் முன்னுக்கு வந்து நிற்கும். தலை சுற்றுகிறது, பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிட வேண்டும், அல்லது 1990க்கு அடித்து சுவசெரிய அம்பியூலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று வையுங்கள், அந்த நேரம் பார்த்து நான்கு இலக்கத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு நிற்க முடியுமா? அவசர அழைப்பு என்று லொக் திரையின் கீழே சின்னதாக ஒரு பொத்தான் இருக்கிறதுதான். எழுபது தாண்டிய ஒருவர் பதற்றத்தில் அதைத் தேடிப் பிடிப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை.

மச்சான் சொன்ன நடுவழியையும் முயன்று பார்த்தோம். அன்ட்ரொய்டில் முன்பு ஸ்மார்ட் லொக் என்று இருந்தது, இப்போது எக்ஸ்டெண்ட் அன்லொக் என்கிறார்கள். வீட்டை நம்பகமான இடமாகக் குறித்துவிட்டால் அங்கே இருக்கும்வரை போன் திறந்தே இருக்கும் என்பது அதன் யோசனை. கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் என்பது சுற்றிவர சுமார் 80 மீற்றர் தூரம் வரை விரியலாம் என்று கூகுளே சொல்கிறது. வெள்ளவத்தையில் 80 மீற்றருக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: எங்கள் தொடர்மாடி முழுவதும், கீழே புடைவைக் கடை, பக்கத்தில் கொத்துரொட்டிக் கடை, ஓட்டோ ஸ்டாண்ட், பாதி ஒழுங்கை. அதற்கு மேல் நான்கு மணித்தியாலம் போனைத் தொடாவிட்டால் திரும்பவும் பின் கேட்கும், போனை அணைத்துப் போட்டாலும் கேட்கும். அம்மாவுக்கு இதுதான் மோசம். எப்போதும் கேட்டாலாவது பழகிக்கொள்வார், ஒருநேரம் கேட்டு ஒருநேரம் கேட்காமல் விட்டால் போன் பழுதாகிவிட்டது என்றுதான் நினைப்பார். உடலோடு இருக்கும்வரை திறந்திருக்கும் என்று இன்னொரு வசதியும் உண்டு, அது யாருடைய உடல் என்று போனுக்குத் தெரியாது, அதை விடுங்கள்.

சரி, எடுத்துவிடுவது என்று முடிவு. ஆனால் எடுப்பதற்கு முதல் செய்ய வேண்டிய வேலைதான் உண்மையான வேலை, லொக்கை எடுப்பது ஒரு நிமிட விஷயம்.

திறந்த போன் ஒன்று கெட்டவன் கையில் கிடைத்தால் அவன் எதைத் தேடுவான்? படங்களை அல்ல. வங்கிதான். இலங்கையில் எங்கள் வங்கிகள் ஓடிபியை எஸ்எம்எஸ்ஸில்தான் அதிகம் அனுப்புகின்றன, போன் திறந்திருந்தால் அந்த நம்பர் அப்படியே கண் முன்னால் வந்து விழும். ஆகவே வங்கி ஆப் இருக்கிற போனில் லொக்கை எடுக்கவே கூடாது என்பது என் முடிவு, அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. அம்மாவின் போனில் வங்கி ஆப் இல்லை. அவர் இன்னும் சேமிப்புப் புத்தகத்தோடு கிளைக்குப் போய், வரிசையில் நின்று, அங்கே இருக்கிற பிள்ளைகளோடு நாலு கதை கதைத்துவிட்டுத்தான் வருவார். கணக்கில் இணையவழி வசதி எதுவும் திறந்திருக்கவில்லை என்பதைக் கிளையிலேயே கேட்டு உறுதி செய்தோம். ஆப்பை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், ஆப்பைத் திரும்ப இறக்கிப் பதிவு செய்ய பல இடங்களில் அடையாள அட்டை நம்பரும் ஓடிபியும்தான் கேட்பார்கள், அம்மாமார் அடையாள அட்டையின் பிரதியை எங்கே வைத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: போன் கவருக்குள்.

அடுத்தது வட்ஸ்அப். செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்ற பகுதிக்குள் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கிறது, ஆறு இலக்கப் பின் ஒன்று போடலாம். போட்டுவிட்டால், யாராவது அந்த நம்பரை வேறு போனில் பதிவு செய்யப் பார்த்தாலும் எஸ்எம்எஸ்ஸில் வருகிற கோட் மட்டும் போதாது. 'ஆன்ரி, உங்களுக்குத் தவறி ஒரு கோட் வந்திருக்கும், அனுப்பிவிடுங்கோ' என்று வருகிற ஏமாற்று இங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை, லொக் இருக்கிற போனுக்கும் இது பொருந்தும். ஒரே தொல்லை, வட்ஸ்அப் அந்தப் பின்னை இடைக்கிடை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கும். அதனால் அம்மா மறக்க முடியாத ஒன்றாகப் போட்டோம். என்ன என்று சொல்லமாட்டேன்.

பிறகு சிம். போனைத் திருடியவன் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே போகும், போன் லொக் இதைத் தடுக்காது. சிம்முக்கென்று தனிப் பின் இருக்கிறது, செட்டிங்ஸில் 'சிம் லொக்' என்று தேடினால் வரும். போனை அணைத்துப் போடும்போதும் சிம்மை மாற்றும்போதும் மட்டும்தான் கேட்கும், ஆகவே அம்மாவுக்கு அன்றாடத் தொல்லை இல்லை. ஆனால் இதில் கை வைக்கும்போது கவனம். அதை முதலில் போடும்போது சிம்மோடு வந்த பழைய பின்னைக் கேட்கும், தெரியாவிட்டால் ஊகித்து அடிக்காதீர்கள், மூன்று பிழை விட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கிற பியூகே என்ற இன்னொரு நம்பர் கேட்கும், பியூகேயைப் பத்துமுறை பிழைத்தால் அந்தச் சிம்மின் கதை முடிந்தது. முதலில் உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கு அடித்துக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படங்கள், குறிப்புகள் என்று தனிப்பட்டவை இருந்தால் சாம்சங்கில் செக்கியூர் ஃபோல்டர் இருக்கிறது, ஷவோமியில் தனித்தனி ஆப்புக்குப் பூட்டுப் போடலாம். அம்மாவிடம் இருப்பதெல்லாம் பேரப்பிள்ளையின் படங்களும் காலை வணக்கப் பூக்களும்தான், அதனால் அதைச் செய்யவில்லை.

இனி லொக்கை எடுப்பது. சாம்சங்கில் செட்டிங்ஸ், அதற்குள் லொக் ஸ்க்ரீன், அதற்குள் ஸ்க்ரீன் லொக் டைப். மற்ற அன்ட்ரொய்ட் போன்களில் செக்கியூரிட்டி என்றோ பாஸ்வேர்ட்ஸ் என்றோ தொடங்குகிற பகுதிக்குள் இருக்கும், கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கிற தேடலில் 'ஸ்க்ரீன் லொக்' என்று அடியுங்கள். இப்போதிருக்கிற பின்னைக் கேட்கும், கொடுத்தால் பட்டியல் வரும், அதில் நன் (None), ஸ்வைப் (Swipe) என்று இரண்டு இருக்கும். நன் என்றால் பவர் பொத்தானை அமத்தினதும் நேரே உள்ளே போய்விடும். நான் ஸ்வைப்பைத்தான் போட்டேன். கைப்பைக்குள் பொத்தான் அமத்துப்பட்டால் நன் போட்ட போன் தன்பாட்டுக்கு யாருக்காவது அழைப்பு எடுக்கும். தங்கச்சிக்கு நடுச்சாமத்தில் கோயில் மணிச்சத்தம் கேட்கத் தேவையில்லை. ஸ்வைப் போட்டால் பல போன்களில் லொக் திரையில் ஒரு வரி எழுதியும் வைக்கலாம், அங்கே என் நம்பரை எழுதி வைத்திருக்கிறேன், யாராவது கண்டெடுத்தால் எடுக்கட்டும் என்று.

நன், ஸ்வைப் இரண்டும் மங்கிப்போய் அமத்த முடியாமல் இருந்தால் போன் பழுது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அலுவலக மின்னஞ்சல் கணக்குத்தான் காரணம், கம்பனி தன் தரவைக் காக்க லொக் கட்டாயம் என்று விதி போட்டிருக்கும். மச்சானின் போன் அப்படித்தான், அவர் விரும்பினாலும் எடுக்க முடியாது, அதுதான் இவ்வளவு கோபமோ தெரியாது. சில நேரம் எப்போதோ வீபிஎன்னுக்காகவோ வைஃபைக்காகவோ போனில் ஏற்றிய டிஜிட்டல் சான்றிதழும் காரணமாக இருக்கலாம். செக்கியூரிட்டிக்குள் கிரெடென்ஷியல்ஸ் என்ற பகுதியில் அதை நீக்கலாம், ஆனால் அது எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு நீக்குங்கள்.

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோட் (பழைய மொடல் என்றால் டச் ஐடி), அதில் டர்ன் பாஸ்கோட் ஒஃப். ஆனால் ஐபோனில் இழப்பது அதிகம். பாஸ்கோட் இருந்தால்தான் உள்ளே இருக்கிற தரவுக்கான முழுப் பாதுகாப்பு வேலை செய்யும், அப்பிள் பேயில் இருக்கிற கார்ட்களும் நீங்கிவிடும். 2024 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 17.3க்குப் பிறகு ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன் என்று ஒன்று இருக்கிறது, அது ஓன் செய்திருந்தால் பழகிய இடத்துக்கு வெளியே பாஸ்கோட், அப்பிள் கணக்கு போன்றவற்றில் கை வைக்க ஒரு மணித்தியாலம் காக்க வைக்கும். பாஸ்கோட்டை மாற்றிவிட்டுப் புதியது மறந்துபோனவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, ஐஓஎஸ் 17இலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் பழைய பாஸ்கோட்டைக் கொடுத்து மீளலாம். அதைத் தாண்டினால், அன்ட்ரொய்டோ ஐபோனோ, மறந்த பின்னுக்கு மருந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதுதான். 'லொக் உடைத்துத் தருகிறோம்' என்று காசு வாங்குகிற கடைகளும் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன, படங்கள் போனபிறகு அழுது பயனில்லை.

லொக் போனதும் அதோடு சேர்ந்து போகிற சில உண்டு. விரலால் திறக்கிற வசதி போகும், போனைத் தட்டிக் காசு கட்டுகிற வசதி போகும், பாஸ்கீ என்று இப்போது பல தளங்கள் தருகிற உள்நுழைவு வேலை செய்யாது, சில ஆப்கள் லொக் இல்லாத போனில் திறக்கவே மறுக்கும். அம்மாவுக்கு இதில் ஒன்றும் நட்டமில்லை. முகப்புத் திரையில் இப்போது என் படம், தங்கச்சி படம், பக்கத்து வீட்டு அன்ரி, 1990 என்று நாலு பெரிய கட்டம் மட்டும்தான், தொட்டால் அழைப்புப் போகும்.

இடையில் ஒன்று. அம்மா கேட்டு அம்மாவின் லொக்கை எடுத்தேன். வீட்டில் வேறொருவர் உங்கள் லொக்கை எடுக்கச் சொன்னால் அது முற்றிலும் வேறு கதை. 'மறைக்க ஒன்றுமில்லையென்றால் லொக் ஏன்' என்று மனைவியிடமும் வளர்ந்த மகளிடமும் கேட்கிற ஆட்கள் எங்கள் சனத்துக்குள் குறைவில்லை. அவர்களுக்கு நான் எழுதியதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

திருத்தக் கொடுக்கும்போது லொக்கை எடுக்கலாமா என்றும் சிலர் கேட்டார்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலோ டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தால் பரிசோதிக்கப் பின் நம்பர் கேட்பது வழமை, போனின் பின்பக்கம் ஸ்டிக்கரில் எழுதியும் ஒட்டிவிடுவார்கள். வங்கிக்கும் அதே நாலு இலக்கத்தை வைத்திருக்கிற ஆட்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. சாம்சங்கில் 2022இலிருந்து மெயின்டெனன்ஸ் மோட் இருக்கிறது, கூகுள் பிக்ஸலில் ரிப்பெயர் மோட் என்று பெயர். ஓன் செய்தால் போன் வேலை செய்யும், உங்கள் படமும் மெசேஜும் தெரியாது. திரை முழுதாகச் செத்துப்போனால் ஓன் செய்ய முடியாது என்பதுதான் குறை.

இனி போன் தொலைந்தால். மச்சானின் வாயை அடைத்தது இந்தப் பகுதிதான். லொக் இல்லாத போனுக்குத் தூரத்திலிருந்தே லொக் போடலாம். கூகுளின் ஃபைண்ட் ஹப்பில் (2025 வரை ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்தது) அம்மாவின் கணக்கால் உள்நுழைந்து பூட்டச் சொன்னால், போனில் பின் இல்லாவிட்டால் புதிதாக ஒன்று போடவிடும். ஐபோனின் லொஸ்ட் மோடும் அப்படித்தான். இதற்குப் போன் உயிரோடு, இணையத்தில் இருக்க வேண்டும், நாங்கள் திருடனை விட வேகமாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் லொக் இல்லாத அன்ட்ரொய்டில் கூகுள் கணக்கையே கழற்றிவிட அவனை யாரும் தடுக்க மாட்டார்கள். அதனால்தான் கோயில் திருவிழா, ஆடிவேல், புறக்கோட்டை என்று சனம் நெரிகிற இடத்துக்குப் போகும்போது அம்மாவின் போன் வீட்டில் நிற்கும். இது எங்களுக்குள் ஒப்பந்தம்.

பூட்டியதும் தொலைபேசி நிறுவனத்துக்கு அடித்து சிம்மை நிறுத்த வேண்டும், பிறகு பொலிஸ் முறைப்பாடு. தொலைந்த போன்களுக்கென்று இலங்கைப் பொலிஸார் நடத்துகிற 'ஐ-நீட்' தளத்திலும் பதியலாம், அதற்கு ஐஎம்இஐ நம்பர், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி இலக்கம், வேண்டும். போனில் *#06# என்று அடித்தால் பதினைந்து இலக்கமாக வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு வரும். போன் கையில் இருக்கும்போதுதான் இப்படி எடுக்கலாம் என்பதால் இன்றைக்கே எடுத்து எழுதுங்கள், போன் வாங்கின பெட்டியைத் தூக்கி எறியாதவர்கள் அதிலும் பார்க்கலாம்.

ஐஎம்இஐ, கூகுள் கணக்கின் பாஸ்வேர்ட், சிம்மின் பின், தொலைபேசி நிறுவனத்தின் உதவி நம்பர் எல்லாம் ஒரே தாளில் எழுதி ஒன்றை என்னிடமும் ஒன்றைத் தங்கச்சியிடமும் வைத்திருக்கிறோம். அம்மாவிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அது கிளினிக் துண்டோடும் அடையாள அட்டைப் பிரதியோடும் சேர்த்து நேரே போன் கவருக்குள்தான் போயிருக்கும்.